சைக்கிள் ஓட்டுறவங்க ஆல்கஹால் மீட்டர் வாங்கலாமா? என்னோட ரிவ்யூ, 3/5

பாக்கெட்ல வெக்கிற மாதிரி ஊதிப் பாக்குற மெஷின் ஒண்ணு வாங்கி யூஸ் பண்ணிட்டு இருக்கேன், கார் பைக் இல்லாம சைக்கிள்லயே போய்ட்டு வர்றவங்களுக்காக இத எழுதுறேன்.

மெஷின் தரமாத்தான் இருக்கு. உள்ள ஃப்யூயல் செல் சென்சார் (மூச்சுல இருக்க ஆல்கஹால வேதிவினை மூலமா மின்சாரமா மாத்தி அளக்குறது), மலிவா வர்ற செமிகண்டக்டர் டைப்ப விட ரீடிங் நம்பகமா வருது. விடாம ஒரே மூச்சா ஊதணும், நடுவுல நிறுத்தினா எரர். கடைசி மடக்கு குடிச்சு 15, 20 நிமிஷம் கழிச்சுதான் ஊதணும், இல்லன்னா வாய்ல ஒட்டியிருக்க சரக்கையே அளந்து தாறுமாறா காட்டும், மவுத்வாஷ் கொப்பளிச்சாலும் இதே கதிதான்.

எனக்குக் கோவமே அந்தப் பச்சை லைட்டு மேலதான். ரத்தத்துல ஆல்கஹால் அளவு 0.05%க்கு கீழ வந்தா "ஓட்டலாம்"னு பச்சை எரியுது, அது கார் ஓட்டுறவங்களுக்குப் பல நாட்டுல இருக்க லிமிட்டு, சைக்கிள் சட்டம் அப்படி இல்லங்க. ஜப்பான்ல 2024 நவம்பர்லேர்ந்து ஒரு லிட்டர் மூச்சுல 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே சைக்கிள்காரருக்கும் 3 வருஷம் வரை ஜெயில் இல்ல 5 லட்சம் யென் வரை அபராதம், ரத்தக் கணக்குல அது சுமார் 0.03%தான், அதாவது இந்த மெஷின்ல பச்சை எரியறப்பவே அங்க கேஸு. குடிச்சிருக்கார்னு தெரிஞ்சே சைக்கிள் குடுத்தவரும் மாட்டுவாரு. ஜெர்மனில சைக்கிளுக்கு லிமிட்டு 0.16%, ஆனா தடுமாறி ஓட்டினாலோ விபத்து ஆனாலோ 0.03%லயே கிரிமினல் கேஸ் வரலாம். இங்கிலாந்துல சைக்கிளுக்கு நம்பரே கிடையாது, வண்டிய சரியா கட்டுப்படுத்த முடியாத நிலையில இருந்தாலே 1000 பவுண்டு வரை அபராதம். இந்தியால குடிச்சிட்டு ஓட்டுறதுக்கான மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு மோட்டார் வண்டிக்கு மட்டும்தான், ஆனா லாரிக்கு முன்னாடி தடுமாறி விழுந்தா சட்டம் வந்து காப்பாத்துமா?

இன்னொண்ணு, குடிச்சு முடிச்ச பிறகும் கொஞ்ச நேரம் ரத்தத்துல அளவு ஏறிட்டேதான் இருக்கும், கிளம்புறப்ப பச்சை காட்டினது பாதி வழில சிவப்பாகலாம், இத பாக்ஸ்ல ஒரு வரி கூட போடல. மில்லிகிராமா பர்சென்டான்னு மாத்துற ஆப்ஷனும் செட்டிங்ஸ்ல எங்கயோ ஒளிஞ்சு கிடக்கு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேலிப்ரேஷனுக்கு (ரீடிங் சரியா வருதான்னு பாத்து சரிபண்ண) அனுப்பணும்.

ராத்திரி குடிச்சவங்க காலைல சைக்கிள் எடுக்குறதுக்கு முன்னாடி செக் பண்ண வாங்கலாம், இன்னும் எவ்ளோ குடிக்கலாம்னு பாக்க நினைச்சா தயவுசெஞ்சு வாங்காதீங்க.