மொன்றியல் பனியில் பின்சக்கரக் கார்: பல குளிர்காலங்கள் ஓட்டிய அனுபவம்

நான் ஓட்டுவது 2009ஆம் ஆண்டு மாடல் பி.எம்.டபிள்யூ. 323ஐ. ஆறு கியர், கையால் மாற்றும் வகை. எஞ்சினின் விசை முழுவதும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 200 சென்டிமீட்டருக்கு மேல் பனி கொட்டும், கனடாவின் கியூபெக் மாகாணத்து மொன்றியலில் இந்தக் காரோடு பல குளிர்காலங்களைக் கடந்திருக்கிறேன். வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட, விடுமுறையில் வடக்கே லோரன்ஷியன் மலைப்பக்கம் போக, எல்லாவற்றுக்கும் இதுதான். கோட்-தே-நேஜ் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. பழைய கார் வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: பின்சக்கரக் காரைப் பனியில் ஓட்ட முடியுமா? முடியும் என்றுதான் பதில் சொல்வேன். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் வெறுமனே 'முடியும்' என்பது இன்னொருவர் உயிரோடு விளையாடுவது.

எந்தச் சக்கரம் வண்டியைத் தள்ளுகிறது என்பது கிளம்பும்போதும் ஏற்றத்திலும் பெரிய கேள்வி. நிற்க வேண்டிய நேரத்தில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. காய்ந்த தார்ச்சாலையில் டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக் கெழு, அதாவது பிடிமானத்தின் அளவு, ஏறத்தாழ 0.8. அழுந்திய பனியில் அது 0.25 அளவுக்கு இறங்கிவிடும். ஈரமான ஐஸில் 0.1 அல்லது அதற்கும் கீழே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் காய்ந்த சாலையில் சுமார் 12 மீட்டரில் நிற்கும் கார், அழுந்திய பனியில் 40 மீட்டர் போகும். ஐஸில் 100 மீட்டர் வரை போகும். பிரேக்கில் கால் வைப்பதற்கு முன் ஓடும் தூரத்தை இதில் சேர்க்கவில்லை. வேகத்தை 30ஆகக் குறைத்தால் அந்த 100 மீட்டர் 35ஆகச் சுருங்குகிறது. நான்கு சக்கரமும் இயங்கும் எஸ்.யூ.வி.க்கும் இதே கணக்குத்தான். அது பனியில் எளிதாகக் கிளம்பிவிடுவதால், ஓட்டுபவர் சாலையில் பிடிமானம் இருப்பதாக நம்பிவிடுகிறார். 2016 டிசம்பர் 5 அன்று மொன்றியல் நகர மையத்தின் பீவர் ஹால் சரிவில் பஸ், லாரி, போலீஸ் கார், கடைசியில் பனி வாரும் வண்டி என வரிசையாகச் சறுக்கி மோதிய காணொளி உலகம் முழுவதும் பரவியது. இறக்கத்தில் பிடிமானம் போய்விட்டால் எந்த வண்டியும் தப்பாது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே டயர். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இதுதான். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். 2019க்கு முன்பு டிசம்பர் 15இல்தான் தொடங்கியது. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்த சின்னம் இருக்க வேண்டும், அல்லது ஆணி பதித்த டயராக இருக்க வேண்டும். 'எம்+எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் போதாது. சட்டம் மார்ச் 15இல் முடிந்தாலும் பனி ஏப்ரலிலும் வரும். நான் அக்டோபர் கடைசியில் மாட்டி, ஏப்ரல் பாதியில்தான் கழற்றுகிறேன். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடைக்கால ரப்பர் இறுகத் தொடங்குகிறது. சாலையில் பனியே இல்லாத நவம்பர் காலையிலும் அந்த வித்தியாசம் பிரேக்கில் தெரியும்.

நான் போடுவது ஹக்கப்பெலித்தா வரிசையில் ஆணி இல்லாத வகை. 1934இல் உலகின் முதல் குளிர்கால டயரை லாரிகளுக்காகத் தயாரித்த பின்லாந்து நிறுவனத்தின் டயர் இது. கியூபெக்கில் அக்டோபர் 15 முதல் மே 1 வரை ஆணி டயருக்கு அனுமதி உண்டு. வாரிச் சுரண்டி உப்புப் போட்ட நகரச் சாலைகளில்தான் பெரும்பாலும் ஓடுகிறேன் என்பதால் எனக்கு அது தேவைப்படவில்லை. டொரன்டோ வாசகர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது. தென் ஒன்டாரியோவில் வசிப்பவர்கள் ஆணி டயர் போடக் கூடாது.

அளவையும் சொல்ல வேண்டும். கோடையில் அழகுக்காக அகல டயர் போடுபவர்கள் குளிர்காலத்தில் அதை மறந்துவிடுவது நல்லது. நான் நான்கு சக்கரத்துக்கும் 205 மில்லிமீட்டர் அகலமுள்ள 205/55 ஆர்16 போடுகிறேன். ஒல்லியான டயர் பனியையும் சேற்றுப்பனியையும் வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். அகலமானது மேலே மிதக்கும். பின்சக்கரம்தானே இயங்குகிறது, அதற்கு மட்டும் குளிர்கால டயர் போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். போதவே போதாது. கிளம்பிப் போவீர்கள், முதல் திருப்பத்தில் முன்பக்கம் திரும்பாமல் நேரே போகும். நான்கும் ஒரே வகை, ஏறத்தாழ ஒரே தேய்மானம் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சட்டப்படி டயரின் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும் என்றாலும், 4.8க்குக் கீழே போன குளிர்கால டயர் பனியை வெட்டுவதில்லை. காற்றழுத்தத்தையும் பாருங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி குறைந்தால் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. குறையும். செப்டம்பரில் சரிபார்த்துவிட்டு ஜனவரி வரை தொடாமல் விட்டால் நான்கு டயரும் தளர்ந்திருக்கும்.

இனி பின்சக்கர இயக்கத்தின் உண்மையான பலவீனம். ஏற்றம். கணக்கு எளிது. என் காரின் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழ சரிபாதி. உராய்வுக் கெழு 0.2 என்றால், பாதி எடையைத் தாங்கும் பின்சக்கரங்களால் சுமார் 10 சதவீதச் சரிவுவரைதான் ஏற முடியும். ஐஸாகி அது 0.1க்கு இறங்கினால் 5 சதவீதம். அது கண்ணுக்குச் சாதாரண மேடாகத் தெரியும். நான்கு சக்கரமும் இயங்கும் கார் இதில் இரண்டு மடங்கு ஏறும். இந்த இடத்தில் திறமையால் ஈடுகட்டலாம் என்று நான் நம்புவதில்லை. மவுன்ட் ராயல் மலையைச் சுற்றியுள்ள செங்குத்தான தெருக்களை, விழுந்த உடனே ஐஸாகிவிடும் உறைமழை நாளில் தவிர்த்துவிடுகிறேன். சிவப்பு விளக்கில் மேட்டின் நடுவே நிற்க நேரும் வழியைவிடச் சற்றுச் சுற்றான சமதள வழி மேல். விளக்கு மாறும்வரை கீழேயே மெதுவாக ஊர்ந்து, நிற்காமல் ஏறிவிடுவது இன்னொரு வழி.

நின்ற இடத்திலிருந்து கிளம்ப இரண்டாம் கியர் போதும். கிளட்சை மெல்ல விட்டு, ஆக்சிலரேட்டரை அரை மனதோடு தொட வேண்டும். சக்கரம் சுழலத் தொடங்கினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். சுழலும் டயர் கீழே உள்ள பனியைத் தேய்த்து ஐஸாக மாற்றிவிடும், பிறகு இன்னும் கடினம். ஆழமான பனியில் சிக்கியிருந்தால் காரின் டி.எஸ்.சி. பொத்தானை ஒருமுறை மட்டும் அழுத்துகிறேன். அது சறுக்கல் கட்டுப்பாட்டை முழுவதும் அணைக்காமல், சக்கரம் கொஞ்சம் சுழல இடம் கொடுக்கும். வெளியே வந்த உடனே பழைய நிலைக்கு மாற்றிவிடுவேன். பொத்தானைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் எல்லாமே அணைந்துவிடும். பொதுச்சாலையில் அதைச் செய்ய எந்தக் காரணமும் இல்லை.

புதிதாகப் பின்சக்கரக் கார் ஓட்டுபவர்களுக்கு நான் மிகவும் அழுத்திச் சொல்வது எஞ்சின் பிரேக்கைப் பற்றி. ஆக்சிலரேட்டரில் அழுத்தினால்தான் பின்பக்கம் விலகும் என்று பலரும் நினைக்கிறார்கள். காலைச் சட்டென்று எடுத்தாலும் விலகும். எடுத்த கணத்தில் எடை முன்னே சாய்கிறது, பின்சக்கரங்கள் லேசாகின்றன, அதே நேரத்தில் எஞ்சினின் இழுவை அந்த இரண்டு சக்கரங்களை மட்டும் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. இறக்கத்தில் கியரைக் குறைத்துக் கிளட்சை வேகமாக விடுவதும் அப்படித்தான். பின்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டதற்குச் சமம். முன்சக்கரக் காரில் இறக்கத்தில் கியரைக் குறைத்தே பழகியவர்கள் அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. நான் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, சமதளத்திலேயே கியரைக் குறைத்து, எஞ்சின் சுழற்சியைச் சற்று உயர்த்திப் பொருத்தியபின் கிளட்சை விடுகிறேன். இறங்கும்போது நான்கு சக்கரத்தையும் பிடிக்கும் கால் பிரேக்கையே மென்மையாகப் பயன்படுத்துகிறேன்.

பின்பக்கம் விலகிவிட்டால், ஆக்சிலரேட்டரைப் படிப்படியாகத் தளர்த்துங்கள். கண் போக வேண்டிய பாதையில் இருக்கட்டும். ஸ்டியரிங்கை அந்தத் திசைக்கே திருப்புங்கள். வண்டி நேராகத் தொடங்கியதும் ஸ்டியரிங்கையும் உடனே நேராக்க வேண்டும். பெரும்பாலோர் சிக்குவது இங்கேதான். முதல் சறுக்கலைப் பிடித்துவிடுகிறார்கள். திருப்பிய ஸ்டியரிங்கைத் திரும்பக் கொண்டுவரத் தாமதிக்கிறார்கள். பின்பக்கம் எதிர்த்திசையில் இன்னும் வேகமாக வீசுகிறது. அந்த இரண்டாவது வீச்சுதான் காரைச் சுழற்றிப் பள்ளத்தில் தள்ளுகிறது. நிலைமை கைமீறிவிட்டால் கிளட்சையும் பிரேக்கையும் முழுவதும் மிதித்துவிடுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்யும்; கார் எங்காவது மெதுவாகவாவது போய் நிற்கும்.

இதையெல்லாம் படித்து மட்டும் கற்க முடியாது. லனோடியேர் பகுதியில் நோத்ர-டாம்-டெ-லா-மெர்சி ஊரில் உள்ள மெகாகிளிஸ் போன்ற ஐஸ் ஓடுதளங்களில் பயிற்சி கிடைக்கிறது. இங்கே ஓட்டப்போகிறவர்கள் முதல் குளிர்காலத்திலேயே அப்படி ஓரிடத்துக்குப் போவது கார் வாங்குவதைவிட முக்கியம் என்பேன்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் நான் ஏன் இந்தக் காரை மாற்றவில்லை? சாலையின் நிலையை இது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. முன்சக்கரங்கள் திருப்புவதை மட்டும் பார்த்துக்கொள்வதால் ஸ்டியரிங்கில் வரும் உணர்வு சுத்தமாக இருக்கிறது. பின்சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலும் இருக்கையின் வழியாக இடுப்புக்குத் தெரிந்துவிடுகிறது. வேகம் குறைவாக இருக்கும்போதே அந்தச் சேதி வருவதால், அடுத்த திருப்பத்துக்கு முன்பே நிதானித்துவிட முடிகிறது. 15ஆம் எண் நெடுஞ்சாலையில் இரு தடங்களுக்கு நடுவே சேற்றுப்பனி வரப்புபோல் குவிந்திருக்கும். அதைத் தாண்டும்போது ஆக்சிலரேட்டரை ஏற்றாமலும் இறக்காமலும் ஒரே அளவில் பிடித்தால், கார் லேசாக அசைந்துவிட்டு நேராகிவிடும். பதறிக் காலை எடுத்தால்தான் வம்பு.

கடுங்குளிரைவிட என்னை அஞ்ச வைப்பது பூஜ்ஜியத்தை ஒட்டிய நாட்கள். மைனஸ் 20இல் ஐஸ் காய்ந்து, டயர் ஓரளவு பற்றும். பூஜ்ஜியத்தில் அதன்மேல் நீர்ப்படலம் இருக்கும். பாசி பிடித்த குளத்துப் படியில் கால் வைப்பதுபோலத்தான். உப்பின் நிலை இதற்கு நேர்மாறு. பூஜ்ஜியத்தை ஒட்டி நன்றாக வேலை செய்யும். மைனஸ் 15க்குக் கீழே அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பாலங்களின் அடியிலும் காற்று ஓடுவதால் அவை சாலைக்கு முன்பே உறைகின்றன. சம்ப்ளெயின் பாலத்தில் ஏறும் முன் வேகத்தைக் குறைத்து, பாலத்தின்மேல் தடம் மாறாமல் போகிறேன். உறைமழை எச்சரிக்கை வந்தால் காரை எடுப்பதே இல்லை. 1998 ஜனவரியில் இந்த மாகாணத்தை இருளில் தள்ளிய ஐஸ் புயலை நினைவில் வைத்திருப்பவர்கள் யாரும் அன்று சாலைக்கு வர மாட்டார்கள்.

டிக்கியில் மணல் மூட்டை போடலாமா என்பது அடுத்த வழக்கமான கேள்வி. காலியாக ஓடும் பிக்கப் வண்டிக்கு அது உதவும். எடை சரிபாதியாக இருக்கும் என் காருக்குத் தேவையில்லை. கூடுதல் எடையை நிறுத்தவும் வேண்டுமே. போடுவதானால் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து, நகராதபடி கட்டுங்கள். பம்பரை ஒட்டி வைத்தால் திருப்பத்தில் பின்பக்கத்தை அதுவே வெளியே இழுக்கும். நான் வைத்திருப்பது மடக்கு மண்வெட்டி, ஒரு சிறு பை மணல், மைனஸ் 40 வரை உறையாத, முன்கண்ணாடி கழுவும் திரவம், போர்வை. பனியில் புதைந்து எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால் முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். அடைத்த குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

யாருக்கு இது வேண்டாம்? செங்குத்தான தனிப்பாதையின் உச்சியில் வீடு உள்ளவர்களுக்கு. பனி வாராத கிராமச் சாலையில் விடிகாலை வேலைக்குப் போகிறவர்களுக்கு. புயல் நாளிலும் போயே தீர வேண்டிய செவிலியர்களுக்கு. அவர்கள் நான்கு சக்கர இயக்கமே வாங்கட்டும், நல்ல குளிர்கால டயரோடு. மின்னணுச் சறுக்கல் கட்டுப்பாடு இல்லாத பழைய பின்சக்கரக் காரைப் புதிய ஓட்டுநருக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கனடாவில் 2011 செப்டம்பர் முதல் தயாரான புதிய கார்களில்தான் அது கட்டாயம். அதற்கு முந்தையதை வாங்கினால் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மின்சாரக் கார்களால் பின்சக்கர இயக்கம் மறுபடி பெருகிவருகிறது. டெஸ்லா மாடல் 3, ஹூண்டாய் ஐயானிக் 5, ஃபோக்ஸ்வேகன் ஐடி.4 எல்லாவற்றிலும் ஒரு பின்சக்கர வகை உண்டு. பேட்டரி தரையில் இருப்பதால் எடை நன்றாகப் பரவியிருக்கிறது. மோட்டார் விசையைக் கணினி மிக வேகமாகத் திருத்துகிறது. ஆனால் காலை எடுத்ததும் மோட்டார் பின்சக்கரங்களை மட்டும் பிடித்து மின்சாரம் சேமிக்கும். நான் எஞ்சின் பிரேக்கைப் பற்றிச் சொன்ன அதே ஆபத்து அங்கேயும் இருக்கிறது. வழுக்கும் நாளில் அந்த மீள்மின் பிரேக்கின் அளவைக் குறைக்க வசதி உள்ள கார்களில் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாதவற்றில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மிக மெதுவாக எடுக்கப் பழகுங்கள். வாங்கும் முன் சோதனை ஓட்டத்தை முடிந்தால் பிப்ரவரியில், பனி படிந்த ஒரு காலையில் கேட்டு வாங்குங்கள்.