மெடிக்கல் பயோடெக் (மருத்துவ உயிரித் தொழில்நுட்பம்): நாலு வருட ஹானர்ஸா, மூன்று வருடம் படித்துவிட்டு முதுநிலையா, இல்லை பயோமெடிக்கல் சயின்ஸா?

முதலில் ஹானர்ஸ் என்ற சொல்லைப் பற்றி. எல்லா நாட்டிலும் அதற்கு ஒரே பொருள் கிடையாது. இங்கிலாந்தில் மூன்று வருடப் பட்டமே பெரும்பாலும் ஹானர்ஸ்தான், ஸ்காட்லாந்தில் அதுவே நாலு வருடம். ஆஸ்திரேலியாவில் மூன்று வருடப் படிப்புக்கு மேல் ஆய்வுக்கென்றே தனியாக ஒரு வருடம் இருக்கும். அந்த ஆய்வு வருடத்தையும் சேர்த்து, நல்ல மதிப்பெண் உள்ளவர்களை மட்டும் எடுத்து, 'அட்வான்ஸ்ட்' என்ற பெயரில் நடத்தும் படிப்புகளும் அங்கே உண்டு. நான் படித்தது இந்த நாலு வருட வகை, அதனால் அதை வைத்தே மற்ற வழிகளோடு ஒப்பிடுகிறேன்.

பயோமெடிக்கல் சயின்ஸும் மெடிக்கல் பயோடெக்கும் ஒன்றுதானே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் வருடப் பாடத்திட்டத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்: வேதியியல், செல் உயிரியல், மரபியல், கொஞ்சம் புள்ளியியல். வித்தியாசம் அப்புறம்தான் தெரியவரும். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். பயோமெடிக்கல் மாணவருக்கு அது ஒரு ஹார்மோன்: கணையத்தில் எப்போது சுரக்கிறது, செல்லின் மேல் எந்த ஏற்பியில் போய் உட்காருகிறது, அது வேலை செய்யாதபோது சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் என்ன ஆகிறது. பயோடெக் மாணவருக்கு அதே இன்சுலின் தயாரிக்க வேண்டிய ஒரு புரதம். 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி, 30 கொண்ட இன்னொன்று. 1978-இல் இவற்றைத் தனித்தனியாக ஈ.கோலை பாக்டீரியாவில் உண்டாக்கி, பிறகு இணைத்தார்கள், 1982-இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. இன்சுலினுக்கான மரபணுவை எந்த பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் மரபணுவைச் சுமந்து செல்லும் டிஎன்ஏ வளையம்) வைப்பது, பாக்டீரியாவை எப்படி வளர்ப்பது, பாக்டீரியாவின் நச்சு துளிகூடக் கலக்காமல் புரதத்தை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதெல்லாம்தான் இங்கே பாடம். ஒருவர் 'ஏன்' என்று கேட்கிறார், இன்னொருவர் 'எப்படிச் செய்வது' என்று கேட்கிறார். உங்களுக்கு எந்தக் கேள்வியில் தூக்கம் போகிறது என்று பாருங்கள்.

ஆனால் இந்தக் கோடு இப்போது மங்கிக்கொண்டே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய்க்கு 2023-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்த கிரிஸ்பர் (டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கருவி) சிகிச்சையைப் பாருங்கள். பழுதான ஹீமோகுளோபின் மரபணுவை அது நேரடியாகத் திருத்துவதில்லை. கருவில் இருக்கும்போது உருவாகி, பிறந்த பிறகு குறைந்துவிடும் ஹீமோகுளோபினை அடக்கி வைத்திருக்கும் ஒரு சுவிட்சை ரத்த மூலச் செல்களில் வெட்டிவிடுகிறது. அந்த யோசனை ரத்தம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர்களால்தான் வரும், அதைச் செய்து முடிக்க டிஎன்ஏவை வெட்டத் தெரிந்தவர்கள் வேண்டும். அதனால் பயோடெக் எடுப்பவர்கள் உடலியங்கியலையும் நோயெதிர்ப்பியலையும் விருப்பப் பாடமாக எடுக்க வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். நான் உடலியங்கியலை விட்டேன், ஆய்வு வருடத்தில் அதை இரவில் உட்கார்ந்து தனியாகப் படிக்க வேண்டியிருந்தது.

சரி, மருத்துவமனை லேபில் வேலை செய்வதுதான் ஆசை என்றால்? அதற்கு மெடிக்கல் லேப் டெக்னாலஜியோ, அங்கீகாரம் பெற்ற பயோமெடிக்கல் சயின்ஸ் படிப்போதான் நேர் வழி. பல நாடுகளில் நோயாளியின் மாதிரியைச் சோதித்து ரிப்போர்ட் தரப் பதிவு வேண்டும். பிரிட்டனில் பயோமெடிக்கல் சயன்டிஸ்ட் என்ற பெயரையே பதிவில்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. பயோடெக் பட்டம் தானாக அந்தப் பதிவைத் தராது. சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு நொந்துபோனவர்களை எனக்குத் தெரியும்.

இனி ஹானர்ஸா, மூன்று வருடம் முடித்துவிட்டு இரண்டு வருட முதுநிலையா என்பது. ஹானர்ஸில் ஒரு வருடம் மிச்சம், மதிப்பெண் நன்றாக இருந்தால் ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் நேராக பிஎச்.டி.க்கே போகலாம். முதுநிலையில் ஆய்வேடு இல்லாமல் வெறும் பாடங்களை மட்டும் முடித்துப் பட்டம் வாங்கும் வகையும் உண்டு, ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவருக்கு அது அவ்வளவாக உதவாது. ஆனால் முதுநிலை வழியில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: மூன்று வருடம் கழித்து நின்று, யோசித்து, வேறு பல்கலைக்கழகம், வேறு துறை என்று மாறிக்கொள்ளலாம். அட்வான்ஸ்ட் ஹானர்ஸில் அந்த மூச்சுவிடும் இடம் குறைவு. பல இடங்களில் ஒவ்வொரு வருடமும் குறிப்பிட்ட சராசரியைக் காப்பாற்ற வேண்டும், தவறினால் சாதாரணப் பட்டத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

அந்தக் கடைசி வருடம் எப்படியிருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதுவரை செய்த பிராக்டிகல் எல்லாம் யாரோ ஏற்கெனவே செய்து பார்த்து, விடை தெரிந்த சோதனைகள். ஹானர்ஸில் விடை யாருக்கும் தெரியாது. நான் வளர்த்த செல்கள் மூன்று வாரம் காரணமே தெரியாமல் மந்தமாக வளர்ந்தன. கடைசியில் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) செய்து பார்த்தால் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா கலந்திருந்தது. அதற்குச் செல் சுவர் கிடையாது என்பதால் பென்சிலின் வேலை செய்யாது, சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, உறையவைத்த பழைய குப்பியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். மனசு விட்டுப்போனது உண்மை. ஆனாலும் அந்த மூன்று வாரத்தில் கற்றது முந்தைய மூன்று வருடத்தில் கற்றதைவிட அதிகம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன், அதனாலேயே ஆராய்ச்சியில் ஆசை உள்ளவர்களுக்கு ஹானர்ஸைத்தான் சொல்வேன்.

எடுப்பதென்று முடிவு செய்தால், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, ஆய்வை வழிநடத்தும் கைடு யார் என்பதை விசாரியுங்கள். அவர் லேபில் இப்போது இருக்கும் மாணவர்களிடம், அவர் இல்லாத நேரத்தில், இரண்டே கேள்வி கேளுங்கள்: சோதனை தோற்றால் யாரிடம் போய் நிற்பீர்கள், கைடை வாரத்துக்கு எத்தனை முறை பார்ப்பீர்கள்?