பாலை மாற்றுவதா, பால் கொடுக்கும் விதத்தை மாற்றுவதா?

என் மூத்தவன் ஏழாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு முறை குடித்ததும் கக்கினான். தோளில் போட்ட துண்டு காய்வதற்குள் அடுத்த துண்டு நனைந்துவிடும். "உன் பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் ஒருவர் சொன்னார். மறுநாள் மூன்று பேர் சொன்னார்கள். பத்தாவது வாரம் பால்பவுடர் டின் வந்தது. கக்குவது நிற்கவில்லை. மலம் இறுகியது, எனக்குப் பால் வற்றியது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பிறந்த மகளும் அப்படியே கக்கினாள். இந்த முறை டின் வாங்கும் முன், இருக்கும் வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்து எடை போட்டேன். பெற்றோர் எல்லாரும் முதலில் பாலைத்தான் சந்தேகிக்கிறோம். கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது அது.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் இருக்கும் தசை வளையம் பச்சிளங்குழந்தைக்கு இன்னும் முதிரவில்லை. உணவோ வெறும் பால். நாளெல்லாம் படுத்த நிலை. அதனால் குடித்தது மேலேறி வருகிறது. இந்த எதுக்களிப்பு நான்கு மாத அளவில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் அடங்கிவிடும். "கக்கின பிள்ளை தக்கும்" என்று நம் முன்னோர் சொன்னது இந்தக் குழந்தைகளைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். ஆகவே முதல் வழி, ஒன்றும் செய்யாமல் பொறுத்திருப்பது. முதல் மூன்று மாதங்களில் நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் எடை ஏறி, ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போய், கக்கிய பின்னும் முகம் மலர்ச்சியாக இருந்தால், மற்ற எல்லா வழிகளையும்விட இதுவே மேல்.

பச்சை நிறத்தில் வாந்தி, ரத்தம், பீய்ச்சியடிக்கும் வாந்தி, வீங்கிய வயிறு, காய்ச்சல், ஏறாத எடை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு ஆலோசனைகளை விட்டுவிட்டு உடனே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.

புட்டியா, மார்பா?

தாய்ப்பால் இரைப்பையை விட்டுச் சீக்கிரம் இறங்கும். பால்பவுடரைக் கரைத்த பால் கூடுதல் நேரம் தங்கும். எதுக்களிக்கும் குழந்தைக்கு வயிறு சீக்கிரம் காலியாவது நல்லதா, நிறைந்தே இருப்பது நல்லதா? மூத்தவன் விஷயத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. கெட்டியாக்கிய பால்பவுடர் வகைகள் வெளியே வரும் கக்கலைக் குறைக்கும் என்பதை மறுக்கவில்லை. ஏற்கெனவே புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு மருத்துவர் அதைச் சொன்னால் அதில் பொருள் உண்டு. ஆனால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்திவிட்டுப் பால்பவுடருக்கு மாற்றுவது பெரிய நஷ்டம். வற்றிய பாலை மீட்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். பீய்ச்சியெடுத்த தாய்ப்பாலில் அரிசிக் கஞ்சி மாவைக் கலந்து கெட்டியாக்கலாம் என்பார்கள். தாய்ப்பாலிலேயே உள்ள அமைலேஸ் நொதி அந்த மாவைக் கரைத்து, கலவையை மறுபடி நீர்த்துப்போகச் செய்துவிடும்.

நிமிர்த்துவதா, தட்டுவதா?

எனக்கு உண்மையில் கைகொடுத்தது இதுதான். சம்மணமிட்டுக் குனிந்து கொடுப்பதை விட்டேன். தலையணையில் சாய்ந்து படுத்து, மகளை என் வயிற்றின் மேல் கவிழ்ந்தபடி குடிக்க வைத்தேன். பால் வேகமாகப் பீறிட்டு வரும் தாய்க்கு இந்த நிலையில் வேகம் குறையும். குழந்தை மூச்சுமுட்டி இருமி, காற்றை விழுங்குவதும் குறையும். காம்பை மட்டும் அல்லாமல் கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். குடித்த பின் இருபது, முப்பது நிமிடம் நெஞ்சோடு நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். உடனே தூளியில் போடுவதை நிறுத்தினேன், உடல் வளைந்து வயிறு அமுங்குவதால்.

முதுகைத் தட்டி ஏப்பம் எடுக்க வைப்பதை நாம் மாறாத விதி போல் செய்கிறோம். சண்டிகரில் 71 தாய்-சேய் இணைகளிடம் நடந்து 2015ல் வெளியான ஆய்வில், ஏப்பம் எடுக்க வைத்ததால் அழுகை குறையவில்லை, கக்குவது கூடியிருந்தது. ஒரே ஆய்வுதான் என்றாலும், தட்டாமல் சும்மா தூக்கி வைத்துக்கொள்ளும் துணிவை அது எனக்குத் தந்தது. தூங்கும்போது மட்டும், கக்கும் குழந்தையானாலும், மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும். குப்புறப் போட்டால் கக்காது என்பார்கள். திடீர் மரண அபாயம் அதில்தான் கூடுகிறது.

பால் மிக அதிகமாகச் சுரந்து, குழந்தைக்குப் பச்சையாக நுரைத்து மலம் போனால், சில மணி நேரத்துக்கு ஒரே பக்கம் கொடுக்கும் முறை உதவும். சுரப்பு அளவாக உள்ள தாய்க்கு இதுவே பாலைக் குறைத்துவிடும் என்பதால், அனுபவமுள்ள தாய்ப்பால் ஆலோசகர் பார்த்துச் சொன்னால் மட்டும் செய்ய வேண்டும்.

பத்தியம்

பிள்ளை பெற்றவளுக்குப் பருப்பு கூடாது, கிழங்கு கூடாது, முட்டைக்கோஸ் கூடாது. குழந்தைக்கு மாந்தம் வரும் என்பார்கள். நானும் அப்படித்தான் வெறும் சோற்றைத் தின்று இளைத்தேன். தாயின் குடலில் உண்டாகும் வாயு பாலுக்குள் போகாது. ஆனால் பசும்பாலின் புரதம் போகும். கிழங்கைத் தடுக்கும் அதே வீட்டில்தான் "பால் ஊற வேண்டும்" என்று வேளைக்கு ஒரு டம்ளர் பசும்பால் குடிக்கச் சொல்கிறார்கள்.

மலத்தில் ரத்தமோ சளியோ, தோலில் கரப்பான் போன்ற அரிப்போ, விடாத அழுகையோ சேர்ந்து இருந்தால், தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், மோர், பன்னீர் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்கச் சொல்வார்கள். பிறகு மறுபடி சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அறிகுறி திரும்பினால்தான் அது ஒவ்வாமை. எருமைப்பாலுக்கும் ஆட்டுப்பாலுக்கும் மாறிப் பயனில்லை, புரதங்கள் ஏறத்தாழ ஒரே சாயல். லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை வேறு விஷயம். தாய் எதைத் தின்றாலும் தாய்ப்பாலில் அது இருக்கும். மகளுக்கு மலத்தில் சளி இருந்ததால் நானும் மூன்று வாரம் நிறுத்தினேன். கேழ்வரகும் கீரையும் நெத்திலியும் சாப்பிட்டேன். எந்த மாற்றமும் இல்லை, தயிருக்குத் திரும்பிவிட்டேன். காரணம் இல்லாமல் மாதக்கணக்கில் பத்தியம் இருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

வசம்பை உரைத்து நாவில் தடவுவது, ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர் ஆகியவை ஆறு மாதத்துக்குள் வேண்டாம். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் காரணமாக அமெரிக்கா 1968லேயே அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. பாட்டியின் மடியும் அவர் கைச்சூடும் வேண்டும், உரைகல் வேண்டாம்.

அமிலத்தைக் குறைக்கும் மருந்து, கக்குவதை நிறுத்தாது. வரும் பாலின் புளிப்பைத்தான் குறைக்கும். உணவுக்குழாய் புண்ணானதற்கு அறிகுறி இருந்தால் அது தேவை, நன்றாக வளரும் குழந்தைக்கு இல்லை. தொற்றுகளுக்கு அது இடம் கொடுக்கவும் கூடும்.

மகள் ஒன்பதாம் மாதம் தானாக உட்கார்ந்து விளையாடத் தொடங்கியபோது, கக்குவது வாரத்துக்கு ஒரு முறையாகி, பிறகு நின்றுவிட்டது. அப்போதும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாள்.