ஆணின் விரை ஸ்கேனில் ஏதோ தெரிகிறது: கண்டதற்குக் கோட் போடுவதா, சந்தேகத்துக்கா?

சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் நோயாளிகளின் குறிப்பைப் படித்து, ஐசிடி-10 என்ற உலக நோய்ப் பட்டியலிலிருந்து கோட் (குறியீடு) போடுவது என் வேலை. போன மாதம் அங்கே என் கைக்கு ஓர் அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட் வந்தது. இடது விரைக்குள் 8 மில்லிமீட்டரில் கருமையாக ஒரு பகுதி, கட்டியாக இருக்கும் வாய்ப்பை ஒதுக்க முடியாது என்று ரேடியாலஜிஸ்ட் எழுதியிருந்தார். டாக்டர் குறிப்பிலோ கேள்விக்குறி போட்டு "செமினோமா", அதாவது ஒரு வகை விரைப் புற்றுநோய். விரைப் புற்றுநோய்க்கான சி 62 போடலாம், அல்லது படத்தில் இயல்புக்கு மாறாக ஒன்று தெரிந்தது என்று மட்டும் சொல்லும் ஆர் 93.8 போடலாம். நான் ஆர் 93.8 போட்டேன்.

உடன் வேலை பார்க்கும் அக்கா சி 62 கட்சி. புற்றுநோய் என்று இருந்தால்தான் யூராலஜிக்கு அவசரமாகப் போகும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவசரத்தைச் சொல்ல ரெஃபரல் கடிதம் இருக்கிறது, போன் இருக்கிறது, கோட் எதற்கு?

சென்னையில் அமெரிக்க நோயாளிகளின் சார்ட் பார்த்துக் கோட் போட்ட காலத்தில் இதில் குழப்பமே வராது. வெளிநோயாளிக்கு "சந்தேகம்", "இருக்கலாம்" என்று எழுதியதை நோயாகக் கோட் செய்யக்கூடாது என்பது அங்கே விதி. 2018 அக்டோபரிலிருந்து அமெரிக்கப் பதிப்பில் விரைக்கென்றே தனிக் கோடும் உண்டு: வலதுக்கு ஆர் 93.811, இடதுக்கு 812, இரண்டுக்கும் 813. தெளிவாக ஹைட்ரோசீல் (விரையைச் சுற்றி நீர்), வேரிகோசீல் (நாளப் புடைப்பு) என்றே வந்துவிட்டால் அதன் கோடைப் போட்டுவிட்டுப் போகலாம், பேச்சே இல்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒரே விஷயம்தான்: போட்ட கோட் எளிதில் ரெக்கார்டை விட்டுப் போகாது. இங்கே அரசின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் முன்பே இருந்த நோயையும் ஏற்கும், சரி. ஆனால் அதற்கு மேல் இன்டகிரேட்டட் ஷீல்டு என்ற கூடுதல் காப்பீடு வாங்கப் போனால் தனியார் காப்பீட்டாளர் பழைய நோயைக் கேட்பார், அதை விலக்கியும் வைக்கலாம். என் அத்தை மகனுக்கு எப்போதோ "சந்தேகம்" என்று பதிவான ஒரு நோய், உறுதியே ஆகாத நோய், விண்ணப்பத்தில் குறுக்கே வந்து நின்றது. டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து அதை நீக்க அவன் நான்கு மாதம் அலைந்தான். அப்புறம் நான் எப்படி ஒரு கேள்விக்குறியைப் புற்றுநோயாகப் பதிய முடியும்?

இந்த நோயாளிக்கு விரைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் இரத்தப் பரிசோதனைகளான ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் மூன்றும் இயல்பு. கடைசியில் அது பந்து பட்டதில் வந்த இரத்தக்கட்டு. ஆறு வாரத்தில் மறு ஸ்கேனில் பாதியாகச் சுருங்கியிருந்தது.

நான் சொல்வது வெளிநோயாளிகளுக்கு மட்டும். உள்நோயாளி சார்ட் அதிகம் பார்த்ததில்லை; அமெரிக்காவிலேயே டிஸ்சார்ஜ் நேரத்தில் "இருக்கலாம்" என்று நிற்பதற்கு வேறு விதி.

ஆர் 93.8-இல் ஒரு குறையும் உண்டு. சிங்கப்பூரில் புழங்கும் ஐசிடி-10-இன் ஆஸ்திரேலியப் பதிப்பில் அது வலது இடது சொல்லாது, விரை என்றுகூடச் சொல்லாது. அதனால் எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர், விரைக்கு உள்ளேயா வெளியேயா, திடமா நீரா, இரத்த ஓட்டம் உண்டா, மறு ஸ்கேன் எப்போது, இவை எல்லாம் குறிப்பில் வந்தாக வேண்டும். இப்போது பக்கம் எழுதாத ரிப்போர்ட்டை நான் கோட் போடாமல் டாக்டருக்கே திருப்பி அனுப்புகிறேன்.