லினக்ஸில் டி.என்.எஸ் மாற்றம் நிலைக்க: கோப்பைப் பூட்டுவதா, நெட்வொர்க் மேனேஜரிடம் விடுவதா?

கிளிநொச்சிக்கு அருகே உள்ள எங்கள் சனசமூக நிலையத்தில் பிள்ளைகள் பயன்படுத்தும் உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) இயங்கும் நான்கு கணினிகளில், ஆபாசத் தளங்களையும் தீங்கு நிரலித் தளங்களையும் வடிகட்டும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.3, 1.0.0.3 ஆகிய டி.என்.எஸ் (தளப் பெயருக்குரிய இணைய முகவரியைத் தேடித்தரும் சேவை) முகவரிகளை நிரந்தரமாக்க வேண்டியிருந்தது. டி.என்.எஸ் முகவரிகள் குறிக்கப்படும் 'ரிசோல்வ்.கொன்ஃப்' கோப்பில் நேரடியாக எழுதுவது நிலைக்காது. உபுண்டுவில் அது வேறொரு சேவை உருவாக்கும் கோப்பைக் காட்டும் சுட்டி (சிம்லிங்க்) மட்டுமே.

முதலில் பூட்டும் வழியை எடுத்தேன். சுட்டியை நீக்கி, அதே பெயரில் மெய்யான கோப்பொன்றை எழுதி, 'சட்டர்' கட்டளையால் அதை மாற்ற முடியாததாக்கினால் எந்தச் சேவையும் அதைத் தொடாது. எந்த வலையமைப்பில் இணைந்தாலும் வடிகட்டி கூடவே வரும் என்பது இதன் பலம். ஆனால் பராமரிப்பில் இது காலை வாரியது. பின்னர் பொறுப்பேற்ற தம்பி முகவரியை மாற்ற முயன்றபோது, ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்திலும் அனுமதி மறுக்கப்பட்டது. வழக்கமான கோப்புப் பட்டியலில் பூட்டு தெரியாததால் வன்தட்டு பழுதாகிவிட்டதென்றே அவர் எண்ணினார். 'எல்எஸ்அட்டர்' என்ற தனிக் கட்டளைதான் அதைக் காட்டும். பூட்டிய நானே அதை மறந்திருந்தேன்.

ஆகவே நான்கிலும், வலையமைப்பு இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜருக்கு மாறினேன். இணைப்பின் அமைப்புகளில் ஐபிவி4 (பழைய வகை இணைய முகவரி) பக்கத்துக்குச் சென்று, டி.என்.எஸ் பகுதியில் உள்ள 'ஒட்டோமெட்டிக்' ஆளியை அணைத்துவிட்டு முகவரிகளை எழுதினால், அவை அந்த இணைப்போடு சேர்ந்து சேமிக்கப்படும். ஆளியை அணைக்காமல் முகவரிகளை மட்டும் சேர்த்தால் ரவுட்டர் தரும் முகவரிகளும் பட்டியலில் நிற்கும். ஐபிவி6 (புதிய வகை முகவரி) பக்கத்திலும் அதே ஆளியை அணைக்க மறந்தால் வடிகட்டியில் ஓட்டை விழும். பின்பு இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைக்க வேண்டும். கட்டளை அறியாத ஒருவரும் திரையைத் திறந்து, என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துத் திருத்தலாம் என்பதே என்னை இந்தப் பக்கம் சாய்த்தது.

குறை இல்லாமல் இல்லை. மாரியில் கம்பி இணைப்பு அறும் நாட்களில் யாராவது ஒருவரின் கைபேசி ஹொட்ஸ்பொட்டில் இணைகிறோம். புதிய கைபேசி ஒவ்வொன்றுக்கும் இதே அமைப்பைத் தனியாகச் செய்யாவிட்டால் வடிகட்டி இராது.

இடம் மாறும் மடிக்கணினிக்கு, டி.என்.எஸ் வினாக்களைக் கையாளும் 'சிஸ்டம்டி ரிசோல்வ்ட்' சேவையின் அமைப்புக் கோப்பு பொருத்தமாகப் படுகிறது. அதில் டி.என்.எஸ் வரியோடு, 'டொமெயின்ஸ்' வரியில் '~.' என்றும் எழுதினால் எல்லா வினாக்களுக்கும் நம் முகவரிகளே முன்னுரிமை பெறும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இச்சேவை இயல்பாக நிறுவப்பட்டு வராது. ஒரே மடிக்கணினியில் சில வாரங்களே பயன்படுத்தியிருப்பதால், நிலையத்துக் கணினிகளை இதற்கு மாற்ற இன்னும் துணியவில்லை.