ஐ.பி. டிப்ளமோவில் இரண்டு ஆண்டுகள்: கோத்தகிரியிலிருந்து ஒரு தந்தையின் அனுபவம்

என் மகள் கோத்தகிரியில் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்து, 2023ஆம் ஆண்டு நீலகிரியிலுள்ள ஓர் உறைவிடப் பள்ளியில், பகுதிக் கட்டணச் சலுகையுடன் ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலோரியேட்) டிப்ளமோ படிப்பில் சேர்ந்தாள். 2025 மே மாதம் இறுதித் தேர்வை எழுதி முடித்தாள். டிப்ளமோ என்றதும் அவளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டோம் என்றே உறவினர் பலரும் எண்ணினார்கள். 1968இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட அமைப்பு ஒன்று நடத்தும் இரண்டாண்டு மேல்நிலைப் படிப்பு இது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இதைப் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் மலைகளுக்கும் இது புதிதன்று. இந்தியாவில் முதன்முதலாக 1976இல் கொடைக்கானலில்தான் இது தொடங்கியது.

சேர்க்கைக்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் எழுத்துத் தேர்வு வைத்தார்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல்களைக் கேட்டார்கள். மகளோடும் எங்களோடும் தனித்தனியே பேசினார்கள். நாங்கள் அஞ்சியது அந்தத் தேர்வைத்தான். ஆனால் உண்மையில் எல்லாவற்றையும் தீர்மானித்தது அதற்குப் பின் பாடங்களைத் தேர்ந்தெடுத்ததுதான். ஆறு பாடங்களில் பொதுவாக மூன்றை ‘ஹெச்.எல்.’ எனப்படும் உயர்நிலையிலும், மற்ற மூன்றை ‘எஸ்.எல்.’ எனப்படும் பொதுநிலையிலும் படிக்க வேண்டும். முன்னதற்கு 240 மணி நேரமும் பின்னதற்கு 150 மணி நேரமும் வகுப்பு நடத்துமாறு பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. கலைப் பாடத்தை விட்டுவிட்டு இரண்டு அறிவியல் பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் சேர்த்துப் படிக்க வழக்கமான அமைப்பில் இடமில்லை; அதற்குத் தனி அனுமதி தேவை. நீட் எழுத நினைக்கும் பிள்ளைக்கு இந்த மூன்றும் வேண்டும் என்பதால், பதினாறு வயதில் நிரப்பும் அந்த ஒரு படிவமே மருத்துவக் கல்லூரியின் கதவைத் திறக்கவோ அடைக்கவோ செய்கிறது. என் மகள் இரண்டு வாரம் யோசித்து, மருத்துவம் வேண்டாம் என்று முடிவு செய்து, உயிரியல், வேதியியல், புவியியல் மூன்றையும் உயர்நிலையில் எடுத்தாள். இதைப் பள்ளி எங்களுக்கு விண்ணப்ப நிலையிலேயே விளக்கியிருக்க வேண்டும் என்று இன்றும் கருதுகிறேன்.

மொழியில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அங்கே தமிழ் வகுப்பு இல்லாததால் அவள் இரண்டாம் மொழியாகத் தொடக்கநிலை பிரெஞ்சு படித்தாள். தாய்மொழி இலக்கியத்தை ஆசிரியர் இல்லாமலே, பள்ளியின் துணையோடு தானே படித்து எஸ்.எல். நிலையில் எழுதும் ஏற்பாடு ஒன்று இருப்பதை நாங்கள் அறிந்தபோது, அதைக் கேட்பதற்கான காலம் கடந்துவிட்டது.

மதிப்பீட்டைப் பற்றி எழுதத்தான் இதைத் தொடங்கினேன். ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 7 வரை மதிப்பு. ஆறு பாடங்களுக்கு 42. மாணவர் தாமே ஆய்ந்து எழுதும் நீள்கட்டுரைக்கும், ஒன்றை நாம் எப்படி அறிகிறோம் என்று ஆராயும் அறிவுக் கோட்பாட்டுப் பாடத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 3. ஆக மொத்தம் 45. பிற நிபந்தனைகளோடு 24 பெற்றால் டிப்ளமோ கிடைக்கும். உயிரியலில் 20 விழுக்காடு மதிப்பெண், மாணவர் தாமே வடிவமைத்து 3,000 சொற்களுக்குள் எழுதும் ஆய்வுக்கு உரியது. அதை முதலில் ஆசிரியர் மதிப்பிடுகிறார். பின்னர் வெளியிலுள்ள மதிப்பீட்டாளர்கள் மாதிரிகளைப் பார்த்து அந்த மதிப்பெண்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரை விடைக்கு மட்டுமே மதிப்பெண் வாங்கிப் பழகிய பிள்ளைக்கு, முறையில் நேர்ந்த குறையைத் தானே எடுத்துச் சொல்வதற்கும் மதிப்பெண் உண்டு என்பது நம்ப முடியாததாக இருந்தது.

இதை அவள் உண்மையில் கற்றுக்கொண்டது 4,000 சொல் நீள்கட்டுரையில்தான். தேயிலைக்குக் கீழும், சீகை மரங்களுக்குக் கீழும், ஓடையோரம் மிஞ்சியிருக்கும் சோலை மரங்களுக்குக் கீழும் மண் எவ்வளவு வேகமாக நீரை உறிஞ்சுகிறது என்பதை அவள் புவியியல் ஆய்வாக எடுத்துக்கொண்டாள். என் தாயாரின் சிறு தேயிலைத் தோட்டமும் அதை ஒட்டிய எங்கள் நிலமும் களமாயின. இரும்பு வளையம் ஒன்றை மண்ணில் அழுத்தி, அளந்த நீரை ஊற்றி, அது இறங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பாள். தேயிலை மண் மிக மெதுவாகவே உறிஞ்சியது கண்டு, எதிர்பார்த்த முடிவு வந்துவிட்டது என்று மகிழ்ந்தாள். வழிகாட்டி ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வளையத்தை வைத்தது செடியின் அடியிலா, கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் வரிசையிலா? நடந்து நடந்து இறுகிய தடத்தில்தான் அவள் பெரும்பாலும் வைத்திருந்தாள்.

மறுபடி அளக்கப் போனபோது வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. கோத்தகிரிப் பக்கத்துக்கு அதுதான் பெரிய மழை. ஈரமண்ணின் அளவுகளைக் காய்ந்த மண்ணின் அளவுகளோடு ஒப்பிட முடியாது என்பதால், அதுவரை எடுத்த அளவுகளை ஒதுக்கிவிட்டு, மூன்று இடங்களையும் ஜனவரியில் புதிதாக அளந்தாள். வேறுபாடு இருந்தது, ஆனால் முதலில் தெரிந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. அதை அப்படியே எழுதினாள். வழிகாட்டி முழு வரைவு ஒன்றுக்கு மட்டுமே கருத்துச் சொல்லலாம், திருத்தித் தரக்கூடாது என்பது விதி. ஆகவே கட்டுரையின் ஒவ்வொரு வரியும் அவளுடையதாகவே இருந்தது. இரண்டு ஆண்டுகளில் எங்கள் பணத்துக்கும் கவலைக்கும் ஈடாக எதைப் பெற்றோம் என்று யாரேனும் கேட்டால், அந்த ஜனவரி மாதத்தைத்தான் சொல்வேன்.

சுமையும் குறைவன்று. சேவை, உடற்பயிற்சி, படைப்பு முயற்சிகளைக் குறைந்தது 18 மாதம் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். இரண்டாம் ஆண்டின் முதல் பாதியில் ஆய்வறிக்கைகளின் கெடுநாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நவம்பரில் அவள் உறங்கிய நேரம் மிகக் குறைவு. இந்த நாள்களைப் பள்ளி இன்னும் சற்றுப் பரவலாக வகுத்திருக்கலாம்.

மே தேர்வின் முடிவு ஜூலைத் தொடக்கத்தில்தான் வருகிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் மதிப்பெண் பட்டியலோடு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் வாரங்களில், எங்கள் கையில் ஆசிரியர்கள் கணித்துத் தந்த உத்தேச மதிப்பு மட்டுமே இருந்தது. இரண்டு கல்லூரிகள் அதை ஏற்கவில்லை. ஒன்று ஏற்று, முடிவு வரும்வரை தற்காலிக இடம் தந்தது.

முடிவில் 36 பெற்றாள். வேதியியலில் 7க்கு மிக அருகில் வந்து 6இல் நின்றிருந்தாள். மறுமதிப்பீடு கோரலாம் என்றேன். அதில் மதிப்பு குறையவும் கூடும் என்ற விதியைப் படித்துக் காட்டி, அந்தத் தாளில் தான் எங்கே தவறினோம் என்பது தனக்கே தெரியும் என்று சொல்லி, மகள் வேண்டாம் என்றுவிட்டாள்.