ஓராண்டு ஊழியம்: உள்ளூரா, வெளிநாடா?

அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபையான எபிஸ்கோப்பல் சபையின் திருமண்டலங்கள் அனுப்பும் செய்தி மடல்களில் வாலிபருக்கான இரண்டு ஓராண்டு ஊழிய அழைப்புகள் வரும்: எபிஸ்கோப்பல் சர்வீஸ் கோர், யங் அடல்ட் சர்வீஸ் கோர். பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் பலர் குழம்பிப்போகிறார்கள்.

முதலாவது நாட்டுக்குள்ளேயே. ஒரு வீட்டில் சிலர் சேர்ந்து குடியிருப்பார்கள். பகலில் ஏதாவதொரு தொண்டு நிறுவனத்தில் வேலை. கைச்செலவுக்குச் சிறு தொகை. என் கணிப்பில் உண்மையான பாடம் அடுக்களையில்தான் நடக்கிறது. யார் சமைப்பது, யார் பாத்திரம் தேய்ப்பது, சண்டை போட்ட மறுநாள் காலை அதே மேசையில் எப்படிச் சேர்ந்து ஜெபிப்பது என்பதையெல்லாம் எந்த இறையியல் வகுப்பும் கற்றுத்தராது. வேறு சபைப் பிள்ளைகளையும் பல வீடுகளில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, 21 முதல் 30 வயதுள்ள எபிஸ்கோப்பல் சபையாருக்கு. இங்கிலாந்து திருச்சபை மரபில் வந்த உலகச் சபைகளின் குடும்பமான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் வேறொரு நாட்டுச் சபையில் ஓராண்டு. பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா எனப் போயிருக்கிறார்கள். ஹாங்காங் துறைமுகத்தில் கப்பல் ஏறி மாலுமிகளைச் சந்தித்தவர்களும் உண்டு. செலவில் ஒரு பங்கைத் தாங்களே திரட்ட வேண்டும். கூச்சமுள்ள பிள்ளைக்கு அதுவே பெரிய மலை. ஆனால் அப்படிக் கேட்கும்போதுதான் மொத்தச் சபையும் அந்தப் பயணத்தில் பங்காளியாகிறது.

மொழி தெரியாத ஊரில் தனிமையைத் தாங்குவாரென்றால் இரண்டாவதைத் தயங்காமல் சொல்வேன். கல்லூரி முடித்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பவருக்கு முதலாவதே நல்லது. எதுவானாலும் முதலில் ஆயரிடம் பேசுங்கள்.